சீர்வரிசையில் ஒரு நாய்

கோவில்பட்டி, கழுகுமலை, சிவகாசிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் மணப்பெண்ணுக்குக் கன்னி நாயைச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் முன்பு இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கறுத்த மேனியும், கண்ணுக்கு மேலும் மார்பிலும் கால்களிலும் பழுப்புத் தீற்றலும், ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட இந்த வேட்டை நாய், புகுந்த வீட்டில் பெண்ணுக்குத் துணையாகவும் காவலாகவும் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே, தன் திருமணத்தில் எங்கள் வீட்டுக் கன்னி நாய் மயிலிக்கும் ஓர் இடம் வேண்டும் என்று என் தங்கை கேட்டபோது, இது வெளிநாட்டுப் பழக்கம் என்று சித்தப்பா முகம் சுளித்ததை எங்கள் ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "நாயி மேடை ஏறுறதுதாம்ல புதுசு, பொண்ணோட போறது புதுசில்ல" என்றாள். திருமணத்தில் மயிலிக்கு என்ன பங்கு என்பதை அந்த ஒரு பேச்சை வைத்தே நாங்கள் முடிவு செய்தோம்.

இப்போது கைப்பேசியைத் திறந்தால் பட்டுச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்த நாய்கள் மணமேடையில் நிற்கும் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. அமெரிக்கத் திருமணங்களில் மோதிரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்து வரும் வேலையை நாய்க்குக் கொடுக்கிறார்கள். நம் திருமணத்தில் அதற்கு நிகரான வேலை எதுவும் இல்லை. தாலி வைத்த தட்டு சபையில் ஒவ்வொருவர் கையாகத் தொட்டு ஆசி பெற்று வருவது. அதை நாயின் கழுத்தில் கட்டி அனுப்பினால் ஆசி கிடைக்கிறதோ இல்லையோ, பேச்சு கிடைக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும். படம் என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. மண்டபத்தில் அதற்குக் கிடைப்பதெல்லாம் ஓசையும் புகையும் முன்பின் அறியாத கால்களும்தான். கன்னியோ இயல்பிலேயே கூச்சம் மிகுந்த இனம். தன்னை வளர்த்தவரிடம் உயிராக இருக்கும், அடுத்தவர் கை நீண்டால் பின்வாங்கும்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஓசையைத்தான் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் அளவிலும் கேட்கும். நாம் மங்கலம் என்று ரசிக்கும் நாதசுவரமும் தவிலும் கெட்டிமேளத்தின்போது ஒரு நாயை என்ன செய்யும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அண்மைக்காலமாகப் பெண் அழைப்பிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் செண்டை மேளமும் வெடியும் சேர்ந்திருக்கின்றன. மேடையில் புகை கக்கும் இயந்திரமும் தீப்பொறி பீய்ச்சும் குழாயும் வேறு. (வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கெட்டிமேளத்தைத் தாங்கக்கூடிய நாய் அதுவாகத்தான் இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.) முகூர்த்த நாளன்று மயிலி மண்டபத்துக்கு வர வேண்டாம், வீட்டில் நடக்கும் சடங்குகள் எல்லாவற்றிலும் இருக்கட்டும் என்று தங்கையே முடிவு செய்தாள். நம் திருமணம் ஒரு காலையில் முடிந்துவிடுவதில்லை என்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. பந்தக்கால் நடுவதிலிருந்து மறுவீடு வரை எத்தனையோ நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவற்றில் பாதி வீட்டு முற்றத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, மேளம் இல்லாமல் நடப்பவை.

பந்தக்கால் நட்ட அன்று மயிலி முழு நேரமும் அருகிலேயே இருந்தாள். குழி தோண்டும்போதே அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. மண்ணைக் கிளறுவது தனக்கு மட்டுமே உரிய உரிமை என்று அதுவரை நினைத்திருந்தாள் போலும். குழிக்குள் நவதானியம் போட்டுப் பால் ஊற்றியபோது மூக்கை உள்ளே நுழைத்துப் பாலை நக்கிவிட்டாள். சடங்கு செய்துகொண்டிருந்த பெரியம்மா ஒரு கணம் திகைத்துப் பிறகு, பைரவருக்குப் போனதாக இருக்கட்டும் என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினார். அந்தக் காலையில் யாரும் அவளை எங்கும் நிற்க வைக்கவில்லை, எதையும் செய்யச் சொல்லவில்லை. எங்களிடம் இருக்கும் படங்களில் சிறந்தவை அன்று எடுத்தவைதான்: மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய மூங்கிலை ஐந்து பெண்கள் பிடித்திருக்க, அவர்களின் சேலைக் கொசுவங்களுக்கு இடையே ஒரு நீண்ட கறுத்த மூக்கு.

மாலை போடுவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் அக்கறை காட்டுவதில்லை. நாய்க்கு மாலையிடுவது நமக்குப் புதிதாகத் தோன்றலாம். நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் முழுவதும் நாய்களுக்கே உரியது, அன்று தெருநாய்க்கும் நெற்றியில் திலகமிட்டுப் பூமாலை சூட்டி உணவளிப்பார்கள். நம் ஊரில் கவனிக்க வேண்டியது, கடையில் தயாராகத் தொங்கும் மாலையில் என்ன பூ இருக்கிறது என்பது. மல்லிகையும் ரோஜாவும் கேடு செய்வதில்லை. செவ்வந்தியைத் தின்றால் வாந்தி வரலாம். தோலில் அரிப்பும் உண்டாகலாம். அரளியோ உயிருக்கே ஆபத்து. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. வாசல் தோரணத்திலும் சாமி மாலையிலும் அதைத் தாராளமாகக் கட்டுவார்கள். பூக்காரம்மாவிடம் சொல்லி, மல்லிகையும் ரோஜாவும் மட்டும் வைத்து, நூலுக்குப் பதிலாக வாழைநாரில் கட்டிய சிறு சரம் ஒன்று வாங்கினோம். நாய் விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். படம் எடுத்த கையோடு அதையும் கழற்றிவிட்டோம். கற்பூரமும் நாய்க்கு நஞ்சு என்பதால் ஆரத்தித் தட்டை அவள் எட்டும் உயரத்தில் வைக்கவில்லை. செயற்கைச் சாயம் கலந்த குங்குமத்தைத் தவிர்த்து, அரைத்த விரலி மஞ்சளை மட்டும் நெற்றியில் தொட்டு வைத்தோம்.

உடை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம்மைப் போல உடல் முழுவதும் வியர்த்து ஆறுவதற்கு அதற்கு வழியில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வைகாசி முகூர்த்தத்தில், கோவில்பட்டி வெயிலில், அதற்கு ஜரிகை வைத்த பாலியஸ்டர் சட்டை மாட்டுவதை அன்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தங்கையின் முகூர்த்தப் புடவைக்கு எடுத்த ரவிக்கைத் துணியில் மிஞ்சியதைக் கழுத்துப் பட்டையின் மேல் வைத்துத் தைத்ததோடு சரி. கன்னிக்குத் தலை சிறுத்து, கழுத்தின் பருமனுக்கே இருப்பதால், சாதாரணப் பட்டை பின்னுக்கு இழுத்தாலே நழுவிவிடும். இழுத்தால் இறுகும்படியான அகலப் பட்டையையே பயன்படுத்தினோம். கூட்டத்துக்குள் நழுவிய வேட்டை நாயை ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது.

நலுங்கு நடந்த மாலை ஒளிப்படக்காரரிடம் முன்கூட்டியே இரண்டு வேண்டுகோள் வைத்தோம்: நாய் இருக்கும்போது பளிச்சென்று ஒளி வெட்டும் விளக்கு வேண்டாம், ட்ரோன் பறக்க வேண்டாம். அவர் நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். தங்கையின் கன்னத்தில் சந்தனம் பூசப் பூச, மயிலி அவள் காலடியில் படுத்துக் கிடந்தாள். ஒரு கட்டத்தில் குழந்தைகள் சுற்றி அமர்ந்து ஆளாளுக்குத் தடவ ஆரம்பித்தார்கள். அவள் கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கினாள், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தாள். தூக்கம் வருகிறது போல என்று யாரோ சொன்னார்கள். தூக்கம் இல்லை; போதும் என்று நாய் கண்ணியமாகச் சொல்லும் முறை அது. அதைக் கேட்காமல் விட்டால் அடுத்தபடி உறுமலும், அதற்கும் அடுத்தபடி பல்லும் வரும். உறவினர் வீட்டுக் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் வெறிநோய்த் தடுப்பூசி உரிய காலத்தில் போட்டிருப்பது கட்டாயம், அதன் அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் நல்லது. ஆனால் ஊசி போட்டிருக்கிறது என்பது கடிக்கும் அளவுக்கு ஒரு நாயை நெருக்குவதற்கான அனுமதி ஆகாது. மயிலியைப் பின்கட்டு அறைக்கு அழைத்துச் சென்று விசிறியைப் போட்டுவிட்டோம். சற்று நேரத்தில் தானாகவே திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டாள்.

முகூர்த்த நாளன்று அவளோடு வீட்டில் இருக்கும் பொறுப்பை அத்தை மகன் ஏற்றுக்கொண்டான். இதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, திருமணத்தில் வேறு எந்த வேலையும் இல்லாத, நாய்க்கு நன்கு பழகிய ஒருவராகப் பார்க்க வேண்டும். பெண் வீட்டில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அவன் தாலி கட்டுவதைக் கைப்பேசியில் பார்த்தான், பந்திக்குக் கடைசியில் வந்தான், அதற்கு ஈடாக இனிப்பு மட்டும் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டான்.

ஆபத்து மண்டபத்தைவிட மறுவீட்டுக் கறிவிருந்தில்தான் அதிகம் இருந்தது. பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சாம்பாரிலும் வடையிலும் குழம்பிலும் உள்ள வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூரிய சில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். ஆனால் விருந்துக்கு வந்த ஒவ்வொருவரும், பாவம் பார்த்துக்கொண்டே இருக்கிறதே என்று இலையிலிருந்து ஒரு துண்டை நழுவவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் கல்யாண வீட்டில் கஞ்சத்தனம் என்பார்கள். ஆகவே மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டு, மயிலிக்கென்று உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழித் துண்டுகளை ஒரு தூக்குவாளியில் போட்டு முற்றத்துத் தூணருகே வைத்து, கொடுக்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து கொடுக்கலாம் என்று பிள்ளைகளைக் காவல் வைத்தோம். எல்லோருக்கும் திருப்தி.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். திருமணத்தில் நாயைச் சேர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள் மேடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேடையை விட்டு இறங்கிய பெண் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்பதும், நாய்க்கு அந்தத் திருமணத்தின் பொருள் அது மட்டுமே என்பதும்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எலிசபெத் அரசி, இளவரசியாக இருந்தபோது 1947 நவம்பர் 20 அன்று மணமுடித்துத் தேனிலவுக்குப் புறப்பட்ட சாரட்டில், கம்பளிக்குக் கீழே தன் கோர்கி நாய் சூசனையும் வைத்து அழைத்துச் சென்றார். இதை ஆச்சியிடம் சொன்னேன். ராணி வீட்டிலும் சீர் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் ஏற்றுக்கொண்டாள்.

மயிலி தங்கையோடு கோயம்புத்தூர் போவது என்பது நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். நகை பற்றிப் பேசும் இடத்தில் நாயைப் பற்றியும் பேசலாமா என்று அப்பா தயங்கினார். மாப்பிள்ளை வீட்டார் அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஊருக்கு வரும்போதெல்லாம் மயிலிக்குத் தன் கையால் சோறு வைத்தார், மாலையில் கண்மாய்க் கரை வரை நடத்திக் கூட்டிப்போனார், தொட அவசரப்படவில்லை. மணமுடித்த அன்றே நாயையும் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. புது வீட்டில் பெண்ணே இன்னும் பழகாத நாட்களில் நாயை யார் பழக்குவது? தங்கை தன் பழைய பருத்திச் சேலையைத் துவைக்காமல் மயிலியின் படுக்கையில் விட்டுவிட்டுப் போனாள். முதல் சில நாட்கள் மயிலி சரியாகத் தின்னவில்லை. கல்லூரிப் பேருந்தில் தங்கை முன்பு வந்து இறங்கும் நேரத்துக்கு இன்னமும் வாசலுக்குப் போய் நின்றாள்.

மறுவீடு எல்லாம் முடிந்த பிறகு, வெயில் தாழ்ந்த ஓர் இரவில் காரிலேயே அழைத்துச் சென்றோம். ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். இவளைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒருவர் வாதம் செய்தார். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மாப்பிள்ளை அதை அச்செடுத்துக் கொடுத்ததும் பேச்சு நின்றது. ஓடிப் பழகிய நாய்க்கு அடுக்குமாடியில் போதிய இடமில்லை என்ற குறை உண்மையானது. அதற்காக இருவரும் விடியற்காலையில் எழுந்து அருகிலுள்ள திடலுக்கு அவளைக் கூட்டிப்போகிறார்கள்.

அடுத்து வருவது தலை தீபாவளி. சிவகாசியில் இருக்கும் எங்கள் உறவினர்கள், புது மாப்பிள்ளைக்கென்று ஒரு பெரிய பெட்டி நிறைய வெடி அனுப்புவதாக இப்போதே சொல்லிவிட்டார்கள். மயிலியைக் கோயம்புத்தூரில் யாரிடமாவது விட்டுவிட்டு வருவதென்றால் தான் வரவில்லை என்று தங்கை சொல்கிறாள்; ஊருக்குள் வைத்து வெடித்தால் நாய் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வராது என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனவே எண்ணெய்க் குளியலும் விருந்தும் ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்து வீட்டில் நடக்கும் என்றும், சிவகாசிப் பெட்டி பிரிக்கப்படாமல் கார்த்திகை வரை எங்கள் பரணில் இருக்கும் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறோம். சித்தப்பா மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவருக்காக மத்தாப்பு மட்டும் தனியாக வாங்கி வைத்திருக்கிறது.