புகாராவின் குளங்கள்: பயண நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2023

தாஷ்கண்டில் காலையில் ஏறிய ரயில் பிற்பகலில் காகான் நிலையத்தில் இறக்கிவிட்டது. புகாரா இன்னும் சுமார் 12 கி.மீ. தள்ளி இருக்கிறது, 1888இல் இருப்புப்பாதை வந்தபோது ரஷ்யர்கள் அதை அமீரின் தலைநகரை ஒட்டிப் போடாமல் இங்கே போட்டு, நிலையத்தைச் சுற்றிப் புது ஊர் ஒன்றையும் எழுப்பிக்கொண்டார்கள். டாக்சியில் வரும்போது வழிநெடுகப் பருத்திக் காடு. இவ்வளவும் ஜராஃப்ஷான் ஆற்றின் கொடை என்றே நினைத்திருந்தேன். பாரசீகத்தில் ‘பொன் சிந்துவது’ எனப் பொருள்படும் அந்த ஆறு, ஆமு தரியா என்ற பெரிய ஆற்றை எட்டுமுன்பே மணலில் மறைந்துபோகிறது. உண்மையில் 1965 முதல் ஆமுவிலிருந்து தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றி, கால்வாய் வழியாக இங்கே கொண்டுவருகிறார்கள்.

அக்டோபர் 10

காலை முழுவதும் லாபி ஹவ்ஸில் கழிந்தது. ‘குளக்கரை’ என்பதே அப்பெயரின் பொருள். 1620இல் நாதிர் திவான்பெகி என்ற அமைச்சர் வெட்டிய இக்குளத்தைச் சுற்றிலும் கற்படிகள் நீருக்குள் இறங்குகின்றன. தெப்பக்குளம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, நடுவில் நீராழி மண்டபம் இல்லாதது ஒன்றுதான் குறையாகத் தெரியும். கரையில் நிற்கும் முசுக்கொட்டை மரங்களில் 1477 என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன்படி பார்த்தால் மரங்கள் குளத்துக்கு மூத்தவை. சில மரங்கள் பட்டுப்போய் அடிமரம் கோறையாகிவிட்டன.

தேநீர்க்கடையில் காதில் விழுந்தது தாஜிக் மொழி. நாடு உஸ்பெகிஸ்தான் என்றாலும் இவ்வூரின் பழைய குடும்பங்கள் வீட்டில் பேசுவது அதைத்தான்.

அக்டோபர் 11

ஷாருத் கால்வாயின் நீரை நிரப்பிவைத்த இத்தகைய குளங்கள் ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. தண்ணீர் சுமப்பவர்கள் தோல்பைகளோடு படியிறங்கி மொண்டு, வீடுவீடாக ஊற்றினார்கள். அதே படியில்தான் ஊரார் காலும் முகமும் கழுவினார்கள். கேடு அங்கிருந்து தொடங்கியது.

இங்கே ‘ரிஷ்தா’, அதாவது ‘நூல்’, என்று அழைக்கப்பட்டது நாம் நரம்புச் சிலந்தி என்று சொல்லும் அதே நோய். குடிநீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியோடு உடலுக்குள் போகும் புழு, ஏறக்குறைய ஓராண்டில் ஒரு மீட்டர்வரைகூட வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாக எழும்பி வெளியே தலைகாட்டும். எரிச்சல் தாளாமல் அந்தக் காலை நோயாளி குளத்தில் நனைத்ததும், புழு தன் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். புகாராவின் நாவிதர்கள் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாதபடி சிறுகச் சிறுக இழுத்தெடுப்பதில் தேர்ந்தவர்கள். 1920களில் லியோனித் இசாயெவ் என்ற மருத்துவரின் தலைமையில் குளங்களை வற்றவைத்துத் தூர்வாரினார்கள். 1931க்குள் நோய் ஒழிந்தது. பெரும்பாலான குளங்களும் அதோடு தூர்ந்தன. ஊருக்கே அடையாளமாக இருந்த நாரைகள் இரை கிடைக்காமல் போய்விட்டன. கூடுகள் மட்டும் சில கோபுரங்களின் உச்சியில் மிச்சமிருக்கின்றன. குளங்களுக்காக வருந்தும் பயணிகளில் நானும் ஒருவன்தான். ஆனால் அந்தக் குச்சியை நினைத்தால் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அக்டோபர் 12

போலோ ஹவ்ஸ் பள்ளிவாசல் 1712இல் கட்டப்பட்டது. முன்மண்டபத்தில் இருபது மரத்தூண்கள். குளத்து நீரில் விழும் நிழலையும் சேர்த்து எண்ணி நாற்பது என்பார்கள். பக்கத்திலேயே விளாதிமிர் ஷுகோவ் வடிவமைத்த 33 மீட்டர் இரும்புத் தண்ணீர்த்தொட்டிக் கோபுரம் நிற்கிறது. குளத்து நீருக்கு மாற்றாகக் குழாய்நீர் கொடுக்க 1920களின் இறுதியில் எழுப்பியது. ஆர்க் கோட்டையின் சரிவான சுவருக்கு எதிரே அது துருத்திக்கொண்டு தெரிகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ இவ்வூரில் அதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் தெரியவில்லை.

மாலையில் பழைய தெருக்களில் நடந்தபோது ஒரு மதரசாவின் அடிச்சுவரைக் கவனித்தேன். நிலத்தடி நீர் மேலேறிக் காய்ந்து, முழங்கால் உயரம்வரை செங்கல்லில் வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.