ஆடியோ ப்ளேயரின் லோடிங் பட்டை ஒருவழியாகச் சரியாகிவிட்டது

பழைய கச்சேரி கேசட்டுகளை எம்பி3 ஆக்கிக் கேட்க பிரவுசரில் ஓடும்படி நானே எழுதி வரும் ப்ளேயரில் லோடிங் பட்டை இப்போது உண்மையைச் சொல்கிறது. எங்கே தாவினாலும், இறங்கிய பகுதி மட்டும்தான் நிறம் மாறுகிறது. ரொம்ப சந்தோஷம்.

வில்லங்கம் முழுக்க பஃபர்டில்தான் (buffered: இதுவரை இறங்கிய நேரத் துண்டுகளின் பட்டியல்). கிடைக்கிற மாதிரி நிரல்களில் பாதி, எண்ட்(0)வை, அதாவது முதல் துண்டு முடியும் நேரத்தை, டியூரேஷனால் (மொத்த நீளம்) வகுத்துவிட்டு வேலை முடிந்தது என்கின்றன. முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால் அது சரி. தனி ஆவர்த்தனத்துக்காக நேராக 40ஆவது நிமிஷத்துக்குப் போனால் பஃபர்ட் இரண்டு துண்டாகிவிடும்: தொடக்கத்தில் ஒரு 3 நிமிஷம், அப்புறம் 40இலிருந்து இன்னொன்று. மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கும், எண்ட்(0) மட்டும் 3 நிமிஷத்திலேயே நிற்கும். கடைசித் துண்டை எடுத்தாலும் தீராது. பின்னால் திரும்பினால் அதே கதைதான். கரண்ட்டைம், அதாவது இப்போது ஓடும் நேரம், எந்தத் துண்டுக்குள் விழுகிறது என்று லூப் போட்டுத்தான் தேட வேண்டும். நான் எல்லாத் துண்டுகளையும் கேன்வாஸில் தனித்தனியாக வரைந்துவிட்டேன். பஃபர்டின் லெங்த் (துண்டுகளின் எண்ணிக்கை) 0 இல்லையே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எரர்தான்.

ஓட்டத் தொடங்கலாம் என்று பிரவுசர் சொல்லும் கேன்ப்ளே நிகழ்வை மட்டும் நம்பக் கூடாது. ஸ்கிரிப்ட் தாமதமாக வந்தால் அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். எவ்வளவு தயார் என்று 0 முதல் 4 வரை எண்ணில் சொல்லும் ரெடிஸ்டேட் 3 அல்லது அதற்கு மேலா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் லிசனர் (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் நிரல்) போடுகிறேன். 4 என்றால் முழு ஃபைலும் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வேகத்தில் தடையில்லாமல் ஓடும் என்ற பிரவுசரின் கணிப்பு, அவ்வளவுதான். சுழலும் வட்டத்தை வெயிட்டிங் நிகழ்வில் (டேட்டா இல்லாமல் பாட்டு நிற்கும்போது) காட்டி, ப்ளேயிங்கில் (மீண்டும் ஓடும்போது) எடுத்துவிடுகிறேன். ஸ்டால்டுக்குக் காட்டவே மாட்டேன்: டேட்டா வரத்து நின்றாலும், கையிருப்பை வைத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஹோஸ்டிங் எடுப்பவர்கள் ரேஞ்ச் கோரிக்கைக்கு (ஃபைலில் ஒரு பகுதியை மட்டும் கேட்பது) 206, அதாவது கேட்ட பகுதி மட்டும், வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். மலிவு என்று எடுத்த ஓர் இடத்தில் எப்போதும் 200தான் (முழு ஃபைல்) வந்தது. இறங்காத பகுதிக்குத் தாவவே முடியவில்லை. அன்றே மாற்றிவிட்டேன்.

வீடியோவையும் சேர்க்கப் போகிறேன். எம்பி4களை எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோ மாற்றும் மென்பொருள்) கொண்டு ஃபாஸ்ட்ஸ்டார்ட் போட்டு மாற்றும் வேலை ஓடுகிறது. ஃபைலின் விவரங்கள் இருக்கும் மூவ் (moov) பகுதி முன்னால் வந்துவிட்டால் மெட்டாடேட்டா சட்டென்று கிடைக்கும். எரர் காட்டும் வேலை இன்னும் பாக்கி. ஆடியோ டேக்குக்குள் ஃபைலின் முகவரியைத் தரும் சோர்ஸ் டேக்கில் விழும் எரர் ஆடியோ டேக்குக்கு ஏறி வராது, அதனால் கடைசி சோர்ஸில் தனியாக ஒரு லிசனர் வைக்க வேண்டும்.