பழைய கந்தோர் நெட்வேர்க்கில் விண்டோஸ் 11: கேபிளில் இருந்து கணக்கு மெஷின் வரை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதன் பிறகு திருகோணமலைச் சிறு கந்தோர்களுக்கு வந்து இறங்கும் புது மெஷின்களில் பெரும்பாலும் விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 என்ற பதிப்பு இருக்கிறது. வயரைச் செருகினால் இணையம் வரும். ஆனால் பழைய ஷெயார் (மற்ற மெஷினில் பொதுவில் திறந்து வைத்த ஃபோல்டர்) திறக்காது, பிரின்டர் சேராது, போட்டோகொப்பி மெஷினின் ஸ்கான் வந்து விழாது. உட்துறைமுக வீதிப் பக்கத்து வியாபாரக் கந்தோர் ஒன்றில் இப்படி வந்த இரண்டு மெஷின்களைப் பழைய நெட்வேர்க்கோடு சேர்த்த ஒழுங்கை இங்கே எழுதுகிறோம். அங்கே ஏற்கனவே இருந்தவை ஆறு விண்டோஸ் 7 கணினிகள், கணக்கு மென்பொருளுக்காகவே வைத்திருக்கும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி, இரண்டு டிஸ்க் போட்ட பழைய நாஸ் பெட்டி (எல்லாரும் நெட்வேர்க் வழியே ஃபைல் வைக்கும் பெட்டி), போட்டோகொப்பி மெஷின், ஒரு லேசர் பிரின்டர், பில் அடிக்கும் ஒரு டொட் மேட்ரிக்ஸ்.

முதலில் கேபிளைப் பாருங்கள். மென்பொருளில் பிழை தேடி அரை நாளைக் கழித்த பிறகு வயரில்தான் கோளாறு என்று தெரிவது இங்கே அடிக்கடி நடக்கிறது. கடற்காற்றில் ஆர்ஜே45 முனையின் செம்புத் தகடுகள் பச்சை பிடித்துவிடும். பழைய மெஷின் நூறு மெகாபிட்டில் அதைச் சமாளித்துக்கொண்டு ஓடியிருக்கும். இன்னொரு சிக்கல், பழைய வயரிங்கில் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் அடித்திருப்பார்கள். நூறு மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆம் கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புது மெஷினும் புது சுவிட்சும் ஜிகாபிட்டுக்குப் பேசிப் பார்த்துத் தோற்று, லைன் வருவதும் போவதுமாக இருக்கும். அப்போது நெட்வேர்க் கார்டில் வேகத்தை நூறு ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மறுமுனையில் உள்ள சாதாரண சுவிட்ச் தானாகப் பேசிப் பதில் கிடைக்காமல் ஹாஃப் டியூப்ளெக்சில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் நிலையில், நின்றுவிடும். பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) ஒழுங்காகப் போகும், பெரிய ஃபைலை இழுத்தால் ஆமை வேகம். முனையை வெட்டி எட்டுக் கம்பியையும் வரிசையாக அடிப்பதுதான் சரி: செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, மண்ணிற வெள்ளை, மண்ணிறம். சுவருக்குள் ஒரே கேபிளின் மீதி நான்கு கம்பியை வேறொரு மேசைக்குப் பிரித்து எடுத்திருந்தால் புதுக் கேபிள்தான் இழுக்க வேண்டும்.

வயர் சரியென்றால் நாஸ், பிரின்டர், போட்டோகொப்பி மெஷின் மூன்றுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ரூட்டர் தானாக வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்களாக அவை இருக்கட்டும். விண்டோஸ் 11இல் அந்த இணைப்பு பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். நெட்வேர்க் பக்கத்தில் மற்ற மெஷின்களின் பெயர் தெரியவில்லை என்பது உண்மையான கோளாறே இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்த பழைய கம்ப்யூட்டர் பிரவுசர் சேவை எஸ்எம்பி1ஐ (விண்டோஸ் மெஷின்கள் ஃபைல் பகிரப் பேசும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு) நம்பியிருந்தது, எஸ்எம்பி1 இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சேவைகளையும் ஒட்டோமேட்டிக் ஆக்கினால் விண்டோஸ் 7 மெஷின்கள் தெரியத் தொடங்கும். தெரியாவிட்டாலும் முகவரியை நேரே அடித்துத் திறக்கலாம். பிங் போகிறதா, ஐபி எண்ணால் ஷெயார் திறக்கிறதா, பெயரால் திறக்கிறதா என்ற வரிசையில் பார்த்தால் எந்தப் படியில் அறுகிறது என்று உடனே பிடிபடும்.

இனி முக்கியமான இடம். ஷெயார் திறக்காவிட்டால் பலரும் முதலில் செய்வது விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் போய் எஸ்எம்பி 1.0க்கு டிக் போடுவது. செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை பரவியது எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 1709இல் இருந்து எஸ்எம்பி1 படிப்படியாக அகற்றப்பட்டது, புதிதாக நிறுவும் விண்டோஸ் 11 ப்ரோவில் அது இருப்பதில்லை. பாதுகாப்பை ஒரு பக்கம் வைத்தாலும், டிக் போட்டதோடு வேலை முடியாது. 24எச்2 ப்ரோ, போகும் இணைப்புக்கும் வரும் இணைப்புக்கும், தகவல் நடுவில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது. எக்ஸ்பியின் ஷெயார் வழமையாக அந்தக் கையொப்பத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே அதையும் தளர்த்த வேண்டும், பிறகு கெஸ்ட் (பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைவது) அனுமதியையும் திறக்க வேண்டும். கடைசியில் புது மெஷினின் காவல் முழுவதும் போய்விடும். இத்தனைக்குப் பிறகும், தானாக அகற்றும் பகுதியும் டிக் ஆகியிருந்தால், மெஷின் ஓடிய நேரத்தில் பதினைந்து நாள் பாவிக்காத எஸ்எம்பி1ஐ விண்டோசே கழற்றிவிடும்.

நாங்கள் பிடித்த வழி, புது மெஷினைக் கீழே இறக்காமல் பழையவற்றை முடிந்தவரை மேலே ஏற்றுவது, ஏற முடியாததை ஒரு நடுப் பெட்டிக்குப் பின்னால் வைப்பது.

விண்டோஸ் 7 மெஷின்களுக்கு எதுவும் நிறுவத் தேவையில்லை. அவை எஸ்எம்பி 2.1 பேசும், கையொப்பமும் இடும், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறைகளில் புதியதான என்டிஎல்எம்வி2 அனுப்பும். தடுப்பது பாஸ்வேர்ட் இல்லாமை. பழைய கந்தோர்களில் பாஸ்வேர்ட் பாதுகாப்பை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பார்கள், அதாவது கெஸ்டாக நுழைவது. கெஸ்ட் இணைப்பில் கையொப்பம் இட வழியே இல்லை, ஆதலால் 24எச்2 அதை மறுக்கும். சில இடங்களில் ஹோம்குரூப் பாவித்திருப்பார்கள். அது விண்டோஸ் 10 1803இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஷெயார் வைத்திருக்கும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு பயனரை உண்டாக்கி, வெறுமையாக விடாமல் பாஸ்வேர்ட் கொடுத்து, ஃபோல்டரின் ஷெயாரிங் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி இரண்டிலும் அந்தப் பெயரைச் சேருங்கள். ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு, திறக்கிறது ஆனால் சேமிக்க முடியவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு.

விண்டோஸ் 11 பக்கத்தில் மெஷினைத் திறக்கும் நான்கு எண் பின் இங்கே உதவாது. அது அந்த மெஷினுக்கு மட்டும் உரியது. கிரெடென்ஷியல் மேனேஜரில் விண்டோஸ் கிரெடென்ஷியல் ஒன்று சேர்த்து, முகவரி இடத்தில் மற்ற மெஷினின் பெயரையும், பயனர் இடத்தில் மெஷின் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற ஒழுங்கிலும் கொடுங்கள். மெஷின் பெயரை முன்னால் போடாவிட்டால், கேட்கும் பெட்டி சில வேளை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொண்டு மீண்டும் மீண்டும் பாஸ்வேர்ட் கேட்கும். ஒரே சேர்வருக்கு இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே நேரத்தில் போக விண்டோஸ் விடாது, 1219 என்ற பிழை வரும். நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்புகளை அழித்துவிட்டு, ஒரே பெயரில் திரும்பப் போங்கள்.

நாஸ் பெட்டியில் முதலில் ஃபேர்ம்வேரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட பதிப்புக்கு ஏற்றுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்கில் கொப்பி எடுங்கள், கறன்ட் நின்றாலும் நிற்காதபடி யூபிஎஸ்ஸில் வையுங்கள். பிறகு அதன் அமைப்புப் பக்கத்தில் அதிகபட்ச எஸ்எம்பி பதிப்பு என்ற தெரிவைத் தேடுங்கள். பல பழைய பெட்டிகளில் எஸ்எம்பி2 இருக்கும், ஆனால் டிக் போடாமல் விட்டிருக்கும். அதை ஏற்றி, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் பெரும்பாலும் திறக்கும். 80070035 என்று முடியும் பிழை எண், பாதையைக் காணவில்லை என்ற செய்தியோடு வந்தால் பெட்டி இன்னும் எஸ்எம்பி1இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கெஸ்ட் நுழைவை நிறுவனக் கொள்கை தடுக்கிறது என்று வந்தால் பாஸ்வேர்ட் இல்லை. கையொப்பம் செல்லாது என்று வந்தால், எஸ்எம்பி2 இருந்தும் கையொப்பம் அதற்கு ஒழுங்காக வரவில்லை.

மூன்றாவது நிலை வந்தால் அந்தப் பெட்டியை மாற்றச் சொல்வோம். மாற்றும் வரைக்கும், பெட்டியைத் தொட வேண்டிய ஒரு மெஷினில் மட்டும் செக்யூரிட்டி ஒப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசொஃப்ட் நெட்வேர்க் கிளையன்ட் என்று தொடங்கி ஒல்வேய்ஸ் என்று முடியும் கையொப்ப வரியை டிசேபிள்ட் ஆக்கலாம். எப்போது திருப்பிப் போடுவது என்று திகதியை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இன்செக்யூர் கெஸ்ட் லொகொன்ஸ் என்ற பொலிசியை மட்டும் திறக்காதீர்கள். கையொப்பம் இல்லாத இணைப்பிலாவது எதிரே இருப்பவர் பாஸ்வேர்டோடு வருகிறார். கெஸ்டில் யார் வந்தாலும், எது சேர்வர் என்று நடித்தாலும், உங்கள் மெஷின் ஏற்றுக்கொள்ளும்.

எக்ஸ்பி எஸ்எம்பி1 மட்டுமே பேசும், அதை மேலே ஏற்ற வழியில்லை. கணக்கு மென்பொருள் வேறெதிலும் ஓடாது என்பதால் தூக்கி எறியவும் முடியாது. மூலையில் கிடந்த, 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின் ஒன்றில் டெபியன் லினக்சும், அதில் விண்டோஸ் ஷெயார் வைக்க உதவும் சாம்பாவும் போட்டு நடுப் பெட்டியாக்கினோம். இரண்டாவது நெட்வேர்க் கார்ட் ஒன்று போட்டு, எக்ஸ்பியின் வயரை சுவிட்சில் இருந்து கழற்றி நேரே அதில் செருகினோம். அந்தப் பக்கம் 192.168.50 என்ற தனி வரிசை. எக்ஸ்பியில் கேட்வே இடத்தை வெறுமையாக விட்டோம், நடுப் பெட்டியிலும் ஒரு கார்டில் வருவதை மற்றதற்குக் கடத்தும் வசதியை நிறுத்தியே வைத்தோம். ஆகவே எக்ஸ்பிக்கு இணையமும் இல்லை, கந்தோரின் மற்ற மெஷின்களும் இல்லை.

சாம்பா 4.11இல் இருந்து குறைந்தபட்சப் பதிப்பு எஸ்எம்பி2 என்றுதான் வருகிறது. எக்ஸ்பிக்காக சேர்வர் மின் புரொட்டோகோல் வரியை என்டி1, அதாவது எஸ்எம்பி1 ஆக்க வேண்டும். இந்த வரி பெட்டி முழுவதற்கும் பொது, ஒரு கார்டுக்கு மட்டும் என்று வைக்க முடியாது. விண்டோஸ் 11இல் எஸ்எம்பி1 இல்லாததால் அது பெட்டியோடு எஸ்எம்பி3இல்தான் பேசும். பாஸ்வேர்ட் முறையையும் தளர்த்தத் தேவையில்லை. எக்ஸ்பி ப்ரொஃபெஷனலில் லோக்கல் செக்யூரிட்டி பொலிசிக்குப் போய், லான் மேனேஜர் ஓதன்டிகேஷன் லெவல் வரியை என்டிஎல்எம்வி2 மட்டும் அனுப்பு என்று மாற்றினால் சாம்பா ஏற்றுக்கொள்ளும். கணக்கு மென்பொருள் தன் அறிக்கைகளை நடுப் பெட்டியின் ஃபோல்டரில் எழுதும், புது மெஷின் அங்கிருந்து எடுக்கும்.

எக்ஸ்பியில் ஒரு இடத்தை எங்கள் நாட்டில் கட்டாயம் பார்க்க வேண்டும். இலங்கை நேரம் 2006 ஏப்ரலில் ஆறு மணித்தியாலத்தில் இருந்து ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு முந்திய, அப்டேட் போடாத எக்ஸ்பியில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற நேர வலயம் இன்னும் ஆறு மணித்தியாலமாகவே இருக்கும். யாரோ மணிக்கூட்டைக் கையால் அரை மணி பின்னுக்குத் திருப்பியிருப்பார்கள். பார்த்தால் நேரம் சரி, உள்ளே உலக நேரம் அரை மணி பிழை. புதிதானதை மட்டும் கொப்பி செய் என்று வைத்த பேக்கப் இதனால் அன்றைய ஃபைலைப் பழையது என்று தாண்டிப்போகும். டொமைன் (ஒரே சேர்வரில் எல்லாப் பயனரையும் நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்த கந்தோரில் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனால் கேர்பரொஸ் என்ற அடையாளச் சோதனை உள்ளே விடாது. வலயத்தை இந்தியாவின் ஐந்தரைக்கு மாற்றிவிட்டு மணிக்கூட்டைச் சரிசெய்தால் போதும். பழைய மெஷின் நிறுத்தித் திறக்கும்போதெல்லாம் பழைய ஆண்டைக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள்.

போட்டோகொப்பி மெஷினின் ஸ்கானையும் நடுப் பெட்டிக்கே திருப்புங்கள். பழையவை பல என்டிஎல்எம்வி1 மட்டும் அனுப்பும், 24எச்2இல் அது நீக்கப்பட்டுவிட்டது, சாம்பாவும் வழமையாக அதை ஏற்காது. மெஷினின் ஸ்கான் அமைப்பில் எஃப்டிபி இருந்தால் நடுப் பெட்டியில் எஃப்டிபி சேவை ஒன்றை வைத்து, ஸ்கான் ஃபோல்டருக்குள் மட்டும் எழுதவிடுவது எளிது.

லேசர் பிரின்டர் ஒரு விண்டோஸ் 7 மெஷினில் ஷெயார் ஆகியிருந்தது. அதன் வழியாகச் சேர்க்கப் போனால் 709 அல்லது 11பி என்று முடியும் பிழை வரும். விண்டோஸ் 11 22எச்2இல் இருந்து பிரின்டர் பேச்சு நேம்ட் பைப்பை விட்டு டிசிபிக்கு மாறியது ஒரு காரணம், அந்த மெஷின் 32 பிட் ஆக இருந்தால் 64 பிட் டிரைவர் அங்கே இல்லாதது இன்னொன்று. பிரின்டரில் நெட்வேர்க் போர்ட் இருந்தால் ஷெயாரை மறந்துவிட்டு, ஐபி முகவரியால் 9100 போர்ட்டில் நேரே சேருங்கள். யூஎஸ்பி மட்டும் உள்ள டொட் மேட்ரிக்சுக்கு அது முடியாது. அதற்கு விண்டோஸ் 11இல் டிரைவரை உள்ளூரில் நிறுவி, லோக்கல் போர்ட் ஒன்று உண்டாக்கி, போர்ட்டின் பெயராக ஷெயாரின் முழுப் பாதையைக் கொடுங்கள். அச்சு வேலை சாதாரண ஃபைல் போல அங்கே போய்ச் சேரும்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் ஒரு வெறும் தாள் ஓடினால் தாள் அளவுதான் காரணம். ஒன்பதரை அங்குல அகலம், ஐந்தரை அங்குல உயரம் உள்ள அரைத் தாளை, டிரைவர் பதினொரு அங்குலமாக நினைத்துத் தள்ளுகிறது. பிரின்ட் சேர்வர் ப்ரொப்பர்டீஸில் அந்த அளவில் ஒரு ஃபோர்ம் உண்டாக்கி, பிரின்டரின் வழமைத் தாளாகவும் பில் மென்பொருளின் தாளாகவும் அதையே தெரிவுசெய்ய வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றதில் விட்டால் தாள் அப்படியேதான் ஓடும்.

பழைய மென்பொருள் ஒன்றை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அதற்குள் இசட் டிரைவ் தெரியாது. சாதாரணப் பயனராக மேப் செய்த டிரைவ் அந்த உயர் உரிமைக்குள் வருவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் பொலிசீஸ் என்பதன் கீழுள்ள சிஸ்டம் பகுதியில் எனேபிள்லிங்க்ட்கனெக்ஷன்ஸ் என்ற டீவேர்ட் மதிப்பை 1 ஆக்கி மெஷினை மறுபடி தொடங்குங்கள். பழைய கடிதங்கள் புது மெஷினில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் ஃபைல் கெடவில்லை, பாமினி எழுத்துரு இல்லை. ஃபொன்ட் ஃபைலை வலது கிளிக் செய்து, எல்லாப் பயனருக்கும் என்று நிறுவினால் வந்துவிடும்.

கறன்ட் போய் வந்தால் புது மெஷின் சில விநாடியில் எழும்பி, நடுப் பெட்டி இன்னும் வராததால் டிரைவுகளில் சிவப்புப் புள்ளடி போட்டுவிடும். நடுப் பெட்டியின் பயோசில் மின்சாரம் வந்ததும் தானாக எழும்பும் தெரிவைப் போட்டு, சுவிட்ச், ரூட்டர், நாஸ், நடுப் பெட்டி நான்கையும் ஒரே யூபிஎஸ்ஸில் கட்டினோம். நீண்ட மின்வெட்டில் யூபிஎஸ்ஸும் தீர்ந்துபோனால் அந்த நான்கும் முதலில் எழும்பட்டும். இரண்டு நிமிடம் பொறுத்து மேசை மெஷின்களைப் போட்டால் புள்ளடி வராது.