கேட்கத் தெரிந்த நடிகர்கள்

சீரியல் நடிகர்கள் எல்லோரையும் ‘ஓவர் ஆக்டிங்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, வெட்டாத ஃபுட்டேஜைத் தினமும் பார்க்கிறவர்களால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே நல்ல நடிகரை அடையாளம் காட்டுவது அவர் வசனம் பேசும் விதம் அல்ல, எதிராளி பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்பதுதான்.

காரணம் பிராம்ப்டிங். தினசரித் தொடரில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. காட்சியின் வசனம் எழுதிய சீன் பேப்பர் பல நாள் ஷாட்டுக்குச் சற்று முன்புதான் வரும். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் துண்டு துண்டாக வாசிக்க, நடிகர் அதை வாங்கிப் பேசுவார். தமிழில் வினை கடைசியில் வருவதால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ‘உங்க அண்ணன் எங்கிட்ட வாங்கின பணத்தை’ என்பது முதல் துண்டு. அடுத்தது ‘வட்டியோட கொடுத்துட்டார்’ என்றும் வரலாம், ‘இன்னும் தரவே இல்ல’ என்றும் வரலாம். பேப்பரை முன்கூட்டியே படிக்காதவர் எதற்கும் இருக்கட்டும் என்று பொதுவாக ஒரு விறைப்பை முகத்தில் ஏற்றிக்கொண்டு பேசுவார். நாம் மிகைநடிப்பு என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த விறைப்புதான்.

இரண்டு துண்டுகளுக்கு நடுவே பிராம்ப்டரின் குரல் ஓடும் ஒன்றிரண்டு விநாடிகளை எடிட்டர் வெட்டியாக வேண்டும். வெட்டினால் படம் குதிக்கும். குதிப்பை மறைக்கக் கேட்பவரின் குளோஸ்-அப்பை அந்த இடத்தில் வைக்கிறோம். ஒருவர் பேசும்போது அடிக்கடி மற்றவர் முகம் திரையில் வருவதன் ரகசியம் இதுவே. ஆக, காட்சியின் கனத்தில் பாதியைச் சுமப்பவர் கேட்பவர். ஆனால் இந்த ரியாக்‌ஷன்களைப் பெரும்பாலும் சீன் முடிந்தபின் மொத்தமாக எடுக்கிறார்கள்: அதிர்ச்சி ஒன்று, கோபம் ஒன்று, வருத்தம் ஒன்று, ஒவ்வொன்றும் 5 விநாடி. எந்த வரிக்கான அதிர்ச்சி என்று அவருக்குத் தெரியாது. பார்க்கும் திசை இடம் வலம் மாறிப்போயிருக்கும், கண் பிராம்ப்டர் பக்கம் நழுவும், வெட்ட வேண்டிய இடத்தில் இமை மூடியிருக்கும். காட்சி முழுவதையும் ஒன்றாகப் பிடிக்கும் மாஸ்டர் ஷாட் ஓடும்போதே உண்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நடிகர் கிடைத்தால் எடிட்டருக்கு அது வரம்.

விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ தொடரில் மீனாவாக வரும் கோமதி பிரியாவை நான் அந்த வரிசையில் வைப்பேன். மாமியார் விஜயா பொரிந்து தள்ளும் காட்சிகளில் அவர் ஒவ்வொரு வரிக்கும் முகத்தை மாற்றுவதில்லை. எந்தச் சொல் சுட்டதோ அங்கே மட்டும் ஒரு அசைவு. அதே தொடரில் அண்ணாமலையாக வரும் ஆர். சுந்தர்ராஜன் சினிமாவில் படம் இயக்கியவர். வெட்டு எங்கே விழும் என்று தெரிந்தவர்போல வரியை முடித்தபின் ஒரு கணம் முகத்தைத் தக்கவைக்கிறார். அந்த ஒரு கணம் இருந்தால் அடுத்த ஷாட்டுக்கு இழுக்காமல் போகலாம். சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவும் இயக்குநரே. அவருடைய ‘ஏய், இந்தாம்மா’ ஊரெல்லாம் பரவியது. அவரைப் போலச் செய்தவர்கள் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், சத்தத்துக்கு முன்னால் அவர் விடும் இடைவெளியை விட்டுவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபின் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரை முன்னவரோடு ஒப்பிட்டே பார்த்தது நியாயமில்லை என்பேன். குணசேகரனின் அதட்டல் ஒரு உடம்புக்கும் ஒரு குரலுக்கும் என்று பழகிப்போயிருந்தது. அதை அப்படியே நகலெடுக்காமல் தன் கனத்த குரலில் அவர் பேசியதுதான் சரி.

டப்பிங் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரு, கேரளப் பக்கத்திலிருந்து வரும் நாயகிகள் பலருக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறார். உச்சரிப்புப் பிழையைக் குரலில் சரிசெய்துவிடலாம். உதடு மூடும் ‘ப’வும் ‘ம’வும்தான் சிக்கல். படத்தில் உதடு ஒட்டாத இடத்தில் ‘அம்மா’ என்று குரல் கேட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். வசனத்தை மாற்ற நேர்ந்தால் இந்த எழுத்துகள் விழும் இடத்தையாவது பொருத்தி எழுத வேண்டும்.

இனி இழுவை. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம் நிரப்ப வேண்டும். கையிருப்பில் எபிசோடு இல்லாமல் நாளைக்கு ஒளிபரப்பாவதை இன்று முடிக்கும் நிலை வந்தால் எடுத்த ஃபுட்டேஜ் போதாது. கூடத்தில் 7 பேர் நிற்கிறார்கள், ஆளுக்கு 4 விநாடி ரியாக்‌ஷன் என்றால் 28 விநாடி. அதையே இசையோடு மூன்று சுற்று ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நிரம்பிவிடும். மூன்றாவது சுற்றில் நல்ல நடிகரின் முகமும் செத்துப்போகும். ‘சிறகடிக்க ஆசை’யில் ரோகிணி என்ற பாத்திரத்தின் ரகசியம் இப்போது உடையும், இதோ உடையும் என்று நீண்ட காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ரோகிணியாக நடிக்கும் சல்மா அருணின் பதற்றம் முதலில் அசலாக இருந்தது. ஒரே பதற்றத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டது எழுத்தும் அட்டவணையும்தான். பழி மட்டும் அவர் முகத்தின் மேல் விழுந்தது.

பத்து நாள் எபிசோடு கையிருப்பு, முந்தின நாள் இரவே நடிகர் கைக்குப் போகும் சீன் பேப்பர். சேனல்கள் இந்த இரண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கினாலே இப்போது திரையில் இருக்கும் அதே நடிகர்களிடமிருந்து வேறு தரத்தில் நடிப்பு கிடைக்கும்.