ஏடிஏ3 ஏன் உறைகிறது? ஒரு டிஸ்க் டைம்அவுட் நாட்குறிப்பு

மார்ச் 3

லினக்ஸ் கணினி, ரெய்டு 1 (ஒரே தரவை இரு டிஸ்க்கிலும் வைக்கும் அமைப்பு), இரண்டு டெஸ்க்டாப் டிஸ்க். கோப்பைத் திறந்தால் அரை நிமிடம் எல்லாம் நின்று, பிறகு தானாக ஓடுகிறது. இந்த அரை நிமிடமே முதல் தடயம்: ஒரு கட்டளைக்கு லினக்ஸ் 30 வினாடி பொறுக்கும், பதில் வராவிட்டால் லிங்கை ரீசெட் செய்யும். டிமெஸ்கில் (லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திப் பதிவு) "ஏடிஏ3.00 ... ஃப்ரோசன்", அடுத்து "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்".

ஏடிஏ3 (கெர்னல் இணைப்புக்குத் தரும் எண்) என்பதால் மூன்றாவது டிஸ்க் என்று நினைத்துக் கழற்றக் கூடாது. /சிஸ்/பிளாக் அடைவில் ஒவ்வொரு டிஸ்க்கின் இணைப்பும் எந்த ஏடிஏ எண் வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே ஏடிஏ3 வழியாகப் போவது எஸ்டிபி என்ற டிஸ்க். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால் குழப்பம் இல்லை.

மார்ச் 4

ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் வசதி) பட்டியலில் 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைவது) எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருக்கிறது. லாகிலும் அதே வகைப் பிழையைச் சொல்லும் ஐசிஆர்சி. டிஸ்க்கும் போர்டும் பேசும் வழியில் கோளாறு. முதல் சந்தேகம் கேபிள். லிங்க் வேகமும் 6-லிருந்து 3 ஜிபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. கிளிப் உள்ள புது சாட்டா கேபிள் போட்டாயிற்று. 199 ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, அது ஏறாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மார்ச் 7

199 நின்றுவிட்டது. ஆனால் இரு டிஸ்க்கையும் முழுதும் படித்து ஒப்பிடும் ரெய்டு சோதனையை ஓட்டினால் மீண்டும் ரீசெட், இம்முறை ஒரே இடத்தில். ஸ்மார்ட்டில் 197 (பெண்டிங் செக்டர், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் துண்டுகள்) 8 காட்டுகிறது. எண்ணுவது 512 பைட் கணக்கில், டிஸ்க்கில் உள்ளது 4 கேபி செக்டர் என்பதால், இந்த 8 ஒரே ஒரு கெட்ட இடமாக இருக்கலாம்.

சிக்கல் பொறுமையில். டெஸ்க்டாப் டிஸ்க் படிக்க முடியாத இடத்தை 2 நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். கெர்னல் 30 வினாடியில் கைவிடும். "படிக்க முடியவில்லை" என்ற பதில் வந்து சேராததால், ரெய்டு மறு டிஸ்க்கிலிருந்து அந்த இடத்தைத் திருத்தி எழுதவும் முடியாது. நல்ல டிஸ்க் வெளியே தள்ளப்படுவது இப்படித்தான்.

எஸ்சிடி இஆர்சி (டிஸ்க் எவ்வளவு நேரம் முயல வேண்டும் என்று வரம்பு வைக்கும் வசதி) இருந்தால், படிக்கவும் எழுதவும் 70,70 கொடுப்பது முறை (வினாடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கில், 7 வினாடி). இந்த டிஸ்க் அதை ஏற்கவில்லை. ஆகவே /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட்டில் கெர்னலின் பொறுமையை 180 வினாடியாக்கியாயிற்று. ரீபூட்டில் பழைய 30 திரும்பிவிடும் என்பதால் யூடெவ் (டிஸ்க் இணையும்போது அமைப்புகளைத் தானாகப் போடும் நிரல்) விதியிலும் எழுதியாயிற்று.

மார்ச் 8

சோதனை முழுதும் ஓடியது. நடுவில் ஒரு நீண்ட தயக்கம், பிறகு யுஎன்சி (திருத்த முடியாத வாசிப்பு) பிழை, ரெய்டு அந்த இடத்தை மேலெழுதியது. 197 பூஜ்யம், ஸ்மார்ட்டின் 5-ஆம் எண் (ரீஅலொகேட்டட், கெட்டதற்குப் பதிலாக மாற்றப்பட்ட செக்டர்கள்) ஏறவில்லை. அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றுவது. அதுவரை மாதம் ஒருமுறை சோதனை.