செவலையும் டிரெய்லரும்

மார்ச் 2
குதிரையை ஏற்றிப்போகும் டிரெய்லர் வந்துவிட்டது. எங்கள் குதிரை செவலையை இன்னும் அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. ரப்பர் விரிப்பைத் தூக்கி அடிப்பலகையைப் பார்த்தேன். மூத்திரம் ஊறும் இடத்தில்தான் முதலில் உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்ததில் எங்கேயும் இறங்கவில்லை.

மார்ச் 3
வண்டியில் மாட்டாத டிரெய்லரில் குதிரையை ஏற்றவே கூடாது. பின்பக்கம் எடை விழுந்ததும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஜீப்பில் மாட்டி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்று. ஏறுபலகை ஒரு மூலையில் ஆடியது. அதை முட்டுக்கொடுத்து நிறுத்திய பிறகுதான் செவலைக்கு டிரெய்லரைக் காட்டினோம். முகர்ந்தது. இன்றைக்கு அது போதும்.

மார்ச் 5
தலையை மட்டும் நீட்டுகிறது. வெயிலில் நிற்கும் குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரமாகும். முன்கதவைத் திறந்து, நடுத்தடுப்பை ஓரமாக ஒதுக்கிக் கட்டினோம். உள்ளே வெளிச்சம் பாய்ந்ததும் கழுத்து தாழ்ந்தது!

மார்ச் 6
உதவிக்கு வந்தவர் எதிரே நின்று இழுத்தார். இழுக்கவே கூடாது. காதுக்குப் பின்னால் வார் இறுகினால் குதிரை தலையைத் தூக்கிப் பின்னால் சாயும், அப்புறம் முன்னங்காலைத் தூக்கும். கூரையில் மண்டை இடித்துவிட்டால் அந்தப் பயத்தைப் போக்கப் பல வாரம் பிடிக்கும்.

3 மீட்டருக்குக் குறையாத கயிறு வேண்டும். கையில் சுற்றாமல் மடித்துப் பிடிக்க வேண்டும், கையுறை கட்டாயம். தோள் பக்கமாக நின்று கயிற்றில் லேசாகப் பாரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கால் எடுத்து வைக்கக்கூட வேண்டாம், உடம்பு முன்னால் சாய்ந்தாலே போதும், அந்தக் கணமே கயிறு தொய்ய வேண்டும். தாமதித்துத் தளர்த்தினால், அதற்குள் குதிரை தலையைத் திருப்பியிருக்கும், திருப்பியதற்குத்தான் கயிறு தளர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். சாட்டையை எடுப்பவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது.

மார்ச் 9
இறங்கும்போது இடது பின்னங்கால் பலகையின் ஓரத்தில் நழுவியது. காயமில்லை.

மார்ச் 10
அந்தக் காலேதான் மனசில். ஏறப் பயப்படுகிறது என்று நாம் நினைக்கும் குதிரை பல சமயம் இறங்கத்தான் பயப்படுகிறது. வாலுக்கு நேர் பின்னால் இருப்பது அதன் பார்வைக்கு எட்டாது. கால் எங்கே ஊன்றும் என்று தெரியாத மிருகம் எப்படி நம்பி ஏறும்? தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஓர் அடி ஏற்றி, ஓர் அடி பின்னால். இடுப்பு கோணினால் விலாவில் கை வைத்து நேராக்கி, மறுபடியும்.

மார்ச் 12
மழை. பலகை வழுக்கும். இன்று வேண்டாம்.

மார்ச் 14
நாலு காலும் உள்ளே! காய்ந்த புல்லை மென்றுகொண்டு நின்றது. விடைத்திருந்த மூக்கு தளர்ந்தது, காது பக்கவாட்டில் சாய்ந்தது. கதவைச் சாத்தவில்லை. அதுவாக இறங்க நினைக்குமுன் நாமே இறக்கினோம். இடது பின்னங்கால் பலகையின் நடுவிலேயே ஊன்றியது.

மார்ச் 15
ஏற்றினால் முதலில் பின்தடி, அதாவது குதிரைக்குப் பின்னால் குறுக்கே போடும் தடி, அப்புறம்தான் தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் தலைக்கயிறு, அப்புறம் பின்தடி. தலை கட்டியிருக்க, பின்னால் திறந்திருந்தால் குதிரை பின்வாங்கும், கயிறு வெட்டி இழுக்கும், மிரண்டு துள்ளும். தடி போடுபவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலைக்கயிற்றை இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், அறுந்துபோகும் சணல் வளையத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக.

மார்ச் 17
சின்ன ஓட்டம். ஒற்றைக் குதிரை என்பதால் டிரெய்லருக்குள் சாலை நடுவை ஒட்டிய பக்கம் அதை நிறுத்தினோம். ஓரம் சரிந்த சாலையில் அப்போதுதான் டிரெய்லர் சாயாது. திருப்பத்தில் ஊர்ந்தோம். இறங்கியபோது வியர்வை கழுத்தில் மட்டும்.

மார்ச் 18
நாளை கிளம்புகிறோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும், தலையைத் தாழ்த்த விட வேண்டும். தலையைத் தூக்கியபடியே கட்டி வைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் சளி வெளியேறாமல் நுரையீரலில் நோய் பிடிக்கும். விடியுமுன் ஏற்றுவதென்றால் உள்விளக்கு எரிய வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.