ஃபுளோரன்ஸில் ஒரு செமஸ்டர்: ஈரச் சுவரில் வரையக் கற்றது

ஓவியம் படிக்கும் தம்பி தங்கைகள் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பது பற்றிக் கேட்டால், அங்கே போய் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பதிலாக ஊர் பெயர் மட்டும் வந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். பதிவு, தேர்வு, அலுவலக வேலை எல்லாம் போக ஒரு செமஸ்டரில் மிஞ்சும் நாட்கள் குறைவு. ஏதாவது ஒரு நுட்பத்தைக் குறிவைத்துப் போனால் அது கையில் தங்கும். நான் இத்தாலியின் ஃபுளோரன்ஸுக்குப் போனது ஃபிரெஸ்கோவுக்காக, அதாவது ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் முறைக்காக.

விண்ணப்பத்தையும் அதை வைத்தே கட்டினேன். போர்ட்ஃபோலியோவில் என்னிடம் இருந்த நல்ல படங்களையெல்லாம் அடுக்காமல், சுவர், மண் நிறங்கள், பெரிய அளவுக் கோட்டோவியம் என்று ஒரே திசையில் போகும் வேலைகளை மட்டும் வைத்தேன். முடிந்த படங்களோடு அவற்றுக்கு முன்னால் போட்ட பென்சில் படிகளும் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களைப் பார்த்த நாளிலிருந்து, சுண்ணாம்பில் நிறம் எப்படி இத்தனை நூற்றாண்டு நிற்கிறது என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது. கூடவே அனுப்பும் கடிதத்தில் அதை நேராக எழுதினேன். எதற்காக வருகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், தேர்ந்தெடுக்கும் ஆசிரியருக்கு நம்மை எந்த வகுப்பில் உட்கார வைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை உங்கள் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு முழு செமஸ்டருக்கு 30 கிரெடிட். இத்தாலியில் மதிப்பெண்ணும் 30-க்குத்தான், 18 எடுத்தால் தேர்ச்சி. இதையெல்லாம் நம் மதிப்பெண் முறைக்கு எப்படி மாற்றுவது என்ற கணக்கையும் அந்தக் கடிதத்திலேயே போட்டுவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

விசா பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 90 நாளைத் தாண்டும் படிப்பு என்பதால் 'D' வகை தேசிய விசா. சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, பணத்துக்கான ஆதாரம், காப்பீடு எல்லாவற்றிலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அங்கே இறங்கிய பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். வந்து 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் அலுவலகத்தில் அதற்கான படிவ உறை கிடைக்கும். 16 யூரோ வருவாய் முத்திரையை, வெளியே 'T' என்ற எழுத்து தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும். அப்புறம் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை. அட்டை கைக்கு வர மாதக்கணக்காகலாம். அதுவரை தபால் அலுவலகம் தரும் ரசீதுதான் உங்கள் ஆதாரம், பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருங்கள். வீட்டு ஒப்பந்தத்துக்கு வரி எண் கேட்பார்கள். அதை வரி அலுவலகத்தில் இலவசமாகவே தருகிறார்கள். எனக்கு முதலில் பேசி வைத்திருந்த அறை வந்து இறங்கிய வாரத்தில் கைவிட்டுப் போனது. இன்னொன்று கிடைக்கும்வரை பெட்டியோடு அலைந்ததில் முதல் வகுப்புகள் சில தவறிப்போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். முதலில் தூரிகையைத் தொடவே விடவில்லை. மணலைச் சலிக்க வேண்டும், நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்போடு பிசைய வேண்டும், கரணையால் பூச வேண்டும். கொத்தனார் வேலைதான். ஆனால் அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. சொரசொரப்பான கீழ்ப்பூச்சு, அதன் மேல் அன்றைக்கு வரையப்போகும் இடத்துக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் மட்டும் குழைத்த நிறத்தை இட வேண்டும். பசையே கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மறுபடி கல்லாக இறுகும்போது நிறத்தையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது. என்னுடைய பழைய கேள்விக்கு விடை அதுதான்.

இதனால் வேலையின் வேகத்தைப் பூச்சுதான் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் முடிக்கக்கூடிய பகுதியை ஜோர்னாத்தா என்கிறார்கள். மாலையில் வரையாமல் மிஞ்சிய பூச்சைக் கரணையால் சரிவாக வெட்டி எடுத்துவிட வேண்டும், மறுநாள் அங்கிருந்து புதிய பூச்சு. பூசிய உடனே நிறத்தை வைத்தால் தூரிகை பூச்சையே கிளறும். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் நிறத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்தப் பொழுதுதான் பொன்னான பொழுது. பிறகு சுவர் நிறத்தை மறுக்கத் தொடங்குவது விரல் நுனிக்கே தெரியும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், முன்கூட்டியே சோதனைக் கட்டங்கள் போட்டுக் காயவைத்துப் பார்த்துக்கொள்வோம். காவி, மஞ்சள் காவி, பச்சை மண் போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அந்தக் காலத்தில் நீலத்துக்குப் பயன்பட்ட அசுரைட்டைச் சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்துத்தான் பூசினார்கள். பழைய சுவர்களில் நீல ஆடையும் வானமும் மட்டும் உதிர்ந்து கிடப்பதற்கு அதுவே காரணம்.

இதைத் தெரிந்துகொண்டு சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்துக்குப் போய், மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த 'மூவொருமை' சுவரோவியத்தின் முன் நின்றால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. கட்டடக் கோணங்களுக்காக அவர் ஈரப் பூச்சில் கீறிய கோடுகளைத் தேடுகிறோம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்கிய விளிம்புகளைத் தேடுகிறோம். சான் மார்க்கோ மடத்தில் ஃபிரா ஆஞ்சலிக்கோ துறவிகளின் அறைகளுக்குள் வரைந்தவை, பிரான்காச்சி சிற்றாலயம், சாந்தா டிரினிட்டாவில் கிர்லாண்டையோ வரைந்த சாசெட்டி சிற்றாலயம் எல்லாமே எனக்கு வகுப்பறைகள் ஆயின. அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணமில்லை. ஆனால் அன்றைக்குக் கூட்டம் நெரியும், உட்கார்ந்து வரைய முடியாது. வரைவதற்குச் சாதாரண நாளின் காலை நேரம்தான் சரி. ஒரு நாளைக்கு ஒரு சுவர் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஓடி ஓடிப் பார்த்த அறைகளில் எதுவும் கையில் ஏறுவதில்லை.

1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு நகரத்துக்குள் புகுந்தது. சாந்தா குரோச்சேயிலிருந்த சிமபுவேயின் சிலுவை ஓவியம் அதில் பெருமளவு அழிந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பல சுவரோவியங்களைப் பூச்சிலிருந்து பிரித்தெடுத்துக் காப்பாற்றினார்கள். அப்படிப் பிரிக்கும்போது அடியில் செங்காவியில் போட்ட முதல் வரைவுகள் சில இடங்களில் வெளிப்பட்டன. பழைய ஓவியர்கள் எங்கே மனம் மாறினார்கள் என்பதை அவற்றில் பார்க்கலாம். மாணவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பருவத்தையும் பாருங்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கும் செமஸ்டர் என்றால் சுவர் வேலையை முதல் வாரங்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது. குளிரும் ஈரப்பதமும் ஏறினால் பூச்சு இறுக நேரமாகும். டிசம்பரில் நாங்கள் பெரும்பாலும் காகிதத்தில் முழு அளவு வரைவுகள் போட்டு, கோட்டின் மேல் துளையிட்டுக் கரிப்பொடி தட்டி வரைவைச் சுவருக்கு மாற்றும் முறையைப் பழகினோம். தேர்வு வாய்மொழியாகத்தான். செய்த வேலையை மேசையில் பரப்பி, ஏன் இந்தப் பூச்சு, ஏன் இந்த நிறம் என்று விளக்க வேண்டும். அதற்கான இத்தாலியச் சொற்களை, சுண்ணாம்பு மணல் முதல் தூரிகை வரை, வகுப்பில் கேட்கக் கேட்கவே ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் தடுமாறிய இடங்களில் அந்த ஏடுதான் கைகொடுத்தது.

சுவரில் வரைந்ததைக் கொண்டுவர முடியாது. அதனால் கடைசிப் பயிற்சிகளைச் சுடுமண் ஓடுகளின் மேல் பூசி வரைந்தேன். நன்றாகக் காயவிட்டு, ஸ்பாஞ்சில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்தால் உடையாமல் வந்து சேரும். கனமாக இருக்கும், மற்ற சாமானைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் நான் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த செமஸ்டர் பாதி ஓடியபோதுதான் வந்தது. முன்பே வாங்கி வைத்திருந்த அந்தக் கடிதம் இருந்ததால் துறையில் கேள்வியே எழவில்லை, கிரெடிட் முழுவதும் ஏறிவிட்டது.